படி எட்டு

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
இந்த வேலையில் அது தலைகீழ்.
யானை வந்து கதவை முட்டிவிட்டுப் போன பிறகு
மணி எங்கே ஒலித்தது என்று
பின்னோக்கி நடக்க வேண்டும்.

யாஸ்னா குஸ்மானிச் நடக்கிறாள்.
புந்தா அரேனாஸ். ஆகஸ்ட். இரவு ஒன்றரை.
ஜன்னலைப் பிடித்து உலுக்கும் காற்றுக்கு
இன்னும் யாரும் பிழை எண் கொடுக்கவில்லை.

நீரிணைக்கு அக்கரையில் போர்வெனிர்.
அங்கே போகும் படகுக்குச் சீட்டு விற்கிற தளம் இது.
செவ்வாய்தோறும் யாரோ ஒருவருக்கு
திரை வெளுத்துவிடுகிறது.
நடுவில் ஐந்நூறு என்றொரு எண்,
அடியில் சின்ன எழுத்தில் மன்னிப்பு.
பணம் மட்டும் ஒழுங்காகக் கழிந்திருக்கும்.

"எதையாவது கன்னாபின்னாவென்று அழுத்தியிருப்பார்கள்"
என்று எழுதி நிபால்டோ மூன்று முறை புகாரை மூடினான்.
மூன்று முறையும் இவள் திறந்தாள்.

பதிவேடு ஒரு கஞ்சன்.
பெயர் சொல்லாது, ஊர் சொல்லாது.
விரல் பட்ட இடம், பட்ட நொடி,
அவ்வளவுதான் அதன் வாயிலிருந்து வரும்.

20:41:07 புதன் காலைப் படகு
20:41:30 பயணிகள்: இரண்டு
20:41:52 பயணிகள்: ஒன்று
20:42:15 பயணிகள்: இரண்டு
20:42:19 வண்டி: சிறு லாரி
20:42:58 செம்மறி: பதினான்கு
20:43:10 கட்டணப் பக்கம்
20:54:26 செலுத்து
20:54:26 ஐந்நூறு

அதே படகு. இரண்டு, ஒன்று, இரண்டு.
லாரி. ஆடுகள். செலுத்து.
பச்சை நிறத்தில் பல்லிளித்துக்கொண்டு வந்தது சீட்டு.
மறுபடி.
வேறு உலாவியில். பழைய கைபேசியில்.
இணையத்தை வேண்டுமென்றே நொண்டவிட்டு.
சீட்டு, சீட்டு, சீட்டு.
ஒன்பதாவது முயற்சி முடிந்தபோது
சோதனைப் படகில் நூற்று இருபத்தாறு செம்மறிகள்,
ஒன்றுகூடக் கத்தவில்லை.

ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சியபடி
வரிகளை மறுபடி பார்த்தாள்.
இத்தனை நேரமும் காலடிகளையே எண்ணியிருக்கிறாள்,
நின்ற இடத்தை எண்ணவில்லை.

20:43க்கும் 20:54க்கும் நடுவே
அந்த ஆள் எதையும் அழுத்தவில்லை.
வங்கி அட்டை லாரியில் கிடந்ததோ,
அடுப்பில் ஏதும் பொங்கியதோ,
அடுத்த அறையைப் பார்த்து
"வருகிறாயா இல்லையா, ஒரு வார்த்தை சொல்" என்று
காத்திருந்ததோ.
கஞ்சன் வாய் திறக்கமாட்டான்.

பத்தாவது முறை, கட்டணப் பக்கத்தில்
சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.
பதினோரு நிமிடம்
எவ்வளவு நீளம் என்று
அதைச் சும்மா கடப்பவருக்குத்தான் தெரியும்.
கூரைத் தகரத்தில் ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது.
தெருமுனையில், காற்றில் விழாமல் பிடித்து நடக்கக்
கட்டிய கயிறு
யாரையும் பிடித்துக்கொள்ளாமல் ஆடுகிறது.
ஏழாம் நிமிடத்தில் அக்காவுக்குப் பதில் அனுப்பவில்லை என்று
நினைவு வந்தது. அனுப்பவில்லை.
பத்தாம் நிமிடத்தில், எங்கோ ஒரு குளிர்ந்த அறையில்,
பிடித்து வைத்திருந்த இடத்தைச்
சேவையகம் சத்தமில்லாமல் கைவிட்டது.
திரையிடம் சொல்லவில்லை.
திரை இன்னும் நம்பிக்கொண்டு நிற்கிறது.

செலுத்து.

ஐந்நூறு!
ஆளில்லாத அலுவலகத்தில்
யாஸ்னா மேசையைத் தட்டினாள்.

திருத்தம் நான்கு வரி.
அதற்கு முன், பிழையை மீண்டும் வரவழைக்கும் வழியை
வரிசையாக எழுத வேண்டும். எழுதினாள்.
ஏழு வரை சுலபம்.
படி எட்டு: தயங்கவும்.
காலையில் நிபால்டோ இதற்குக்
கேள்விக்குறி ஒன்று போடுவான்.
செவ்வாய் மட்டும் ஏன் என்பதும் இன்னும் தெரியாது.

விளக்கை அணைக்கும் முன்
அதே கைபேசியின் மறுநாள் தடத்தை
ஒருமுறை, வேலைக்காக அல்ல, பார்த்தாள்.

06:12:40 பயணிகள்: மூன்று
06:12:51 செம்மறி: பதின்மூன்று
06:13:05 செலுத்து. சீட்டு கிடைத்தது.

இது பிழை அல்ல.
இதைப் பின்தொடர அவளுக்குச் சம்பளம் இல்லை.